எண்ணெய் ஊறும் நேரம்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் சரிவாக ஒரு பாறை கிடக்கிறது. சீசன் வந்துவிட்டால் அதன்மேல் ஆண்கள் உடம்பெல்லாம் மினுங்க உட்கார்ந்திருப்பார்கள். நான் தேய்த்துவிட்ட எண்ணெய். தேய்த்த கையோடு அருவியில் தலையைக் கொடுத்தால் அத்தனையும் தண்ணீரோடு போய்விடும், கொஞ்ச நேரம் ஊற வேண்டும். அந்த நேரத்தில் மனிதனுக்குச் செய்வதற்கு ஒன்றும் கிடையாது. சட்டை போட முடியாது, போனைத் தொட்டால் வழுக்கும். மலையிலிருந்து இறங்குகிற சாரல் மூக்கு நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போகும். தென்காசி ஆபீசரும் சுரண்டைக் காய்கறி வியாபாரியும் கோமணத்தில் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். பாதிக் கண் மூடி, அருவிச் சத்தத்துக்குள்ளேயே தூங்கிக்கொண்டு, எங்கோ மிதந்துகொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் சாரலில் ஒரு பெண் குடையைப் பிடித்தபடி அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். துணி குறைந்த ஆண்களை இத்தனை கவனமாகப் பார்க்கிற பெண்ணை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"யம்மா, பொம்பளையளுக்கு அந்தப் பக்கம்" என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி. இவங்க எவ்வளவு நேரம் இப்படியே இருப்பாங்க?"

"எண்ணெய் ஊறுத வரைக்கும்."

"நடுவுல எந்திரிச்சுப் போயிட மாட்டாங்களே?"

"போனா வழுக்கி விழுந்து என் பேரைக் கெடுப்பான்."

அவர் சிரித்தார். அப்படித்தான் டாக்டரம்மா எனக்கு அறிமுகமானார்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. நான்தான் பள்ளிக்கூடத்துக்கு ஒத்துவரவில்லை என்று வாத்தியார் சொன்னார். இரண்டும் ஒன்றுதான். இதையும் நான் சொல்லச் சொல்ல என் தங்கை மகள்தான் எழுதுகிறாள். நான் 'ஏலே' என்றால் அவள் 'அன்பரே' என்று எழுதப் பார்க்கிறாள். தடுத்து வைத்திருக்கிறேன்.

டாக்டரம்மா வடக்கே ஏதோ ஊர். தென்காசி புது மாவட்டமான பிறகு சுகாதார வேலைக்கு வந்தவர். ஊர் ஊராகக் கேம்ப் போட்டு, கல்யாணமான பெண்களிடம் விவரம் சொல்லி, சம்மதம் கேட்டுச் சிறுநீர் பரிசோதனை செய்வார்கள். புருசன் பெண்டாட்டி சேர்க்கையில் ஒட்டிக்கொள்கிற சில கிருமிகளுக்கான பரிசோதனை. அந்தக் கிருமிகள் பெரும்பாலும் சத்தமே போடாதாம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. உள்ளே கருக்குழாயைப் புண்ணாக்கித் தழும்பாக்கி அடைத்துவிடும். பிள்ளை வேண்டும் என்று ஆசைப்படுகிற காலத்தில்தான் விசயமே தெரியும். முதலிலேயே கண்டுபிடித்தால் மாத்திரையில் போய்விடும்.

ஒரு மழை மத்தியானம் டீக்கடையில் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். கறுப்புத் திரையில் அங்கங்கே மஞ்சளாகப் புள்ளிகள். மலைமேல் நின்று கீழே ஊர்களின் விளக்கைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பேர் கிடையாது, எது எந்த ஊர் என்றும் தெரியாது. கேட்டேன், சொல்லவில்லை.

"ஒரு புள்ளின்னா கிருமி இருக்கிற ஒரு பொண்ணு. மருந்து சாப்பிட்டா அணைஞ்சிடும். இப்ப பாருங்க" என்று எதையோ தட்டினார். மாதங்கள் ஓடின. புள்ளிகள் அணைந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகத் திரும்ப எரிந்தன. "ஆடியில அணைஞ்சது மட்டும் ஆடி முடியிற வரைக்கும் எரியவே இல்ல. ஆவணிக்கு அப்புறம் அதுவும் எரியுது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆடிக்குப் புதுப் பொண்ண அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாவ, அதான்!" என்றேன்.

"அது எனக்கும் தெரியும் அண்ணாச்சி" என்று டீயை உறிஞ்சினார். "புருசன் மருந்து சாப்பிடலை. அவ திரும்பி வந்ததும் அவன்கிட்டேருந்து மறுபடி ஒட்டிக்குது. ரெண்டு பேரும் சாப்பிடணும், சாப்பிடுற நாள்ல சேரக் கூடாது. ஆடியை விட நல்ல மாசம் எது? ஆனா கூப்பிட்டா ஒரு ஆம்பளையும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கிறான்."

ஆடியில் பெண்டாட்டியை அனுப்பிவிட்டு அவர்களெல்லாம் எங்கே வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கூட்டாளிகளோடு வேன் பிடித்து என் பாறைக்குத்தான்.

ஆண்களுக்குப் பரிசோதனை செய்து மாத்திரை கொடுக்கப் பாறைக்குப் பக்கத்தில் கூடாரம் போட அனுமதி கிடைத்தது. ஆள் சேர்க்கிற வேலையை நானே கேட்டு வாங்கினேன். எண்ணெய்க்குக் கூவுகிற அதே ராகத்தில், "வாங்க மாப்ள வாங்க, பிள்ளை வரம் வேணும்னா கூடாரத்துக்கு வாங்க!" என்று கூவினேன். பாறை காலியாகிவிட்டது. எண்ணெய் ஊறாதவன்கூட வழுக்கிக்கொண்டே ஓடினான். அந்தக் கூடாரத்துக்குள் ஒருவன் தலையை நீட்டினால் அவனுக்கு என்ன குறை என்று மொத்தக் குற்றாலத்துக்கும் தெரிந்துவிடும்.

"நீங்க கூவினா எண்ணெய் விக்கும். மாத்திரை விக்காது" என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. ஊற உட்கார்கிற எல்லோரிடமும் ஒன்றுபோலப் பேசச் சொன்னார். கல்யாணம் ஆனவன், ஆகாதவன், தாத்தா, யாராக இருந்தாலும் விசயம் இன்னது என்று ஒளிக்காமல் சொல்லி, விருப்பம் இருந்தால் சிறுநீர் பிடிக்கிற டப்பாவைக் கொடுக்கவேண்டியது. பல கையில் டப்பா இருந்தால் எந்தக் கை என்று யார் பார்ப்பது?

முதல் டப்பாவை எல்லோர் முன்னிலையிலும் நானே வாங்கினேன். நிரப்பிக்கொண்டு வீரனாக நடந்து வருகையில் மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி, மாம்பழ ஜூஸ் என்று நினைத்துப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. மேலே போய் மூடியைத் திறந்து மோந்துவிட்டு என்னை அது பார்த்த பார்வையை என் மாமனார்கூடப் பார்த்ததில்லை. பாறை முழுக்கச் சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேர் டப்பா வாங்கினார்கள். அந்தக் குரங்குக்கு அரசாங்கம் ஏதாவது செய்திருக்கலாம்.

ஆடி கடைசியில்தான் அந்தப் புதுமாப்பிள்ளை வந்தான். தனியாக வந்திருந்தான். குப்புறப் படுத்தவனின் முதுகு மரக்கட்டையாக இருந்தது.

"ஏலே மாப்ள, முதுகு ஏன் இப்படி இறுகிக் கெடக்கு? கல்யாணம் ஆயிட்டோ?"

"வைகாசில ஆச்சு அண்ணாச்சி."

"பின்ன இப்படித்தான் இருக்கும்."

சிரிக்கவில்லை. அருவி இரைந்துகொண்டே இருந்தது. முகம் தெரியாமல் படுத்துக்கொண்டு தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினால் யாரிடமும் சொல்லாததைக்கூடச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. அவனாகவே பேசினான்.

"அவளுக்குக் கேம்ப்புல டெஸ்ட் எடுத்தாவ. ஏதோ கிருமியாம். மருந்து சாப்பிட்டுட்டா. என்னையும் வந்து சாப்பிடச் சொல்லுதாவ."

"சாப்பிட வேண்டியதுதான?"

"நான் போனா நான்தான் குடுத்தேன்னு ஆயிரும். அவளை மட்டும் விட்டா அவதான் கொண்டாந்தான்னு ஆயிரும். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சுதுன்னா அவள அங்கனயே விட்டுருன்னு சொல்லுவா."

"ஒனக்கு என்ன தோணுது?"

"ஆவணி பொறந்ததும் கூட்டிட்டு வரணும் அண்ணாச்சி. தெனமும் போன் பண்ணுதா. மாத்திரை சாப்பிட்டீகளான்னு மட்டும் கேக்கா. வேற ஒண்ணும் கேக்க மாட்டேங்கா."

எனக்கு அந்தக் கறுப்புத் திரை நினைவுக்கு வந்தது. எங்கோ ஓர் அம்மா வீட்டில் ஒரு புள்ளி அணைந்து கிடக்கிறது. இவன் இப்படியே போய் அவளைக் கூட்டி வந்தால் அது மறுபடி எரியும். ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறம் குழாய் அடைத்துக்கொள்ளும். இவனுடைய அம்மா அவளை அன்றைக்கும் அங்கேயேதான் விடச் சொல்வாள், மலடி என்று பேர் வைத்து. எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

"எனக்கும் எம் பொண்டாட்டிக்கும் பிள்ளை கெடையாதுலே" என்றேன். "போகாத கோயில் இல்ல. நாங்க சுத்துன சுத்துக்கு அந்த அரசமரமே பிள்ளை பெத்திருக்கும். ரொம்ப வருசம் கழிச்சு ஒரு பெரிய டாக்டர், ரெண்டு குழாயும் அடைச்சிருக்கு, என்னைக்கோ வந்த கிருமின்னாரு. யாருகிட்டயிருந்து யாருக்கு வந்துச்சுன்னு நாங்க கேட்டுக்கிடல."

"ஏன் அண்ணாச்சி?"

"கேட்டா குழாய் தொறக்குமா?"

அவன் எழுந்தான். எண்ணெய் சொட்டச் சொட்ட, ஊறாமலேயே, பாறையைப் பிடித்துப் பிடித்துக் கூடாரத்துக்கு நடந்தான். நடுவில் ஒரு தடவை கால் வழுக்கியது. திரும்பி வந்துவிடுவானோ என்று பார்த்தேன். சமாளித்துக்கொண்டு போனான். சாரல் அடர்ந்து கூடாரமும் அவனும் வெள்ளையாகக் கரைந்துபோனார்கள். ரொம்ப நேரம் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"முழுங்கிட்டேன் அண்ணாச்சி. மிச்ச மாத்திரையும் குடுத்திருக்காவ. ஆவணி பொறக்கதுக்குள்ள முடிஞ்சிருமாம். யாரு யாருக்குக் குடுத்ததுன்னு கேப்பாவன்னு பயந்துக்கிட்டே போனேன். மருந்து ஏதும் ஒத்துக்கிடாதான்னு மட்டும் கேட்டாவ."

பிறகு துண்டில் கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, வழுக்குகிற போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அருவிச் சத்தத்தை மிஞ்சிக் கத்தினான்: "சாப்ட்டுட்டேன்! ஏட்டி, சாப்ட்டுட்டேன்னு சொல்லுதேன்!" பாறையில் இருந்தவர்கள் மத்தியானச் சோற்றைச் சொல்கிறான் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததோ, கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாரலாகவும் இருக்கலாம்.

ஆள் அடையாளம் சொல்லாமல் வீட்டில் பெண்டாட்டியிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நின்றாள். "நம்ம காலத்துல அப்படி ஒரு கூடாரத்த யாரும் போடலியே" என்றாள். ரசம் ஊற்றும்போது, "போட்டும், இப்பமாவது போட்டாவளே" என்றாள்.

அவன் பிறகு வரவில்லை. வந்திருந்தாலும் எதுவும் கேட்டிருக்க மாட்டேன். அடுத்த வருசம் டாக்டரம்மா திரையைக் காட்டினார். ஆவணி தாண்டி, புரட்டாசி தாண்டி, நிறையப் புள்ளிகள் எரியாமல் கிடந்தன. அதில் எது அவள் என்று எனக்குத் தெரியாது. "என் வேலையில ஜெயிச்சா ஒண்ணுமே நடக்காது அண்ணாச்சி. வராத நோயை யாரு வந்து காட்டுவா?" என்றார். அதைச் சொல்லும்போது கொஞ்சம் சோர்ந்திருந்தார்.

இப்போது கூடாரம் இல்லை. பரிசோதனை ஆஸ்பத்திரியிலேயே நடக்கிறது. பெண்டாட்டியோடு கூட வருகிற புருசன்மார் இருக்கிறார்கள், வராதவர்களும் இருக்கிறார்கள். டாக்டரம்மாவை ராமநாதபுரம் பக்கம் மாற்றிவிட்டார்கள். சீசன் ஆரம்பித்தால் கூப்பிடுவார். போன வாரமும் கூப்பிட்டார். அங்கே வெயில் கொளுத்துகிறதாம்.

"எப்படி இருக்கு அண்ணாச்சி சீசன்?"

ஞாயிற்றுக்கிழமை. அருவி ஐந்து கிளையாகவும் விழுந்துகொண்டிருந்தது. அப்பன்மார் தோளில் வைத்துத் தண்ணீருக்குள் நுழைய, குளிர் தாங்காமல் பிள்ளைகள் வீரிட்டுக் கத்தின. யார் வீட்டுப் பிள்ளையோ, எந்த ஊரோ. அந்தக் கூடாரம் மட்டும் இல்லாவிட்டால் இதில் ஏதாவது ஒன்று பிறக்காமலே போயிருக்குமோ என்று அந்தச் சாரலுக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாம் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி ஒன்றுபோலத்தான் இருந்தன. போனை அருவிப் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.

"அண்ணாச்சி? நீங்க பேசுறது கேக்கல. ஒரே பிள்ளைங்க சத்தமா இருக்கு."

"அதைத்தாம்மா கேக்கச் சொல்லுதேன்" என்றேன்.