மூன்று நாட்களின் பெயர்கள்

"தம்பி, இதுக்குள்ள ஒண்டும் இல்லையே," என்று பதிவு மேசை அக்கா தன் கணினியைக் காட்டிக் கேட்ட அந்தத் திங்கட்கிழமைக் காலையில் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருகோணமலை நகரத்தில் ஒரு நிவாரண அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருந்து எல்லாக் கணினிகளுக்கும் புதிய மென்பொருளை ஏற்றி முடித்திருந்தேன். "புதுசு அக்கா, அப்பிடித்தான் இருக்கும். நீங்கள் புதுசா ஒரு பட்டியலைத் தொடங்குங்கோ," என்றேன்.

குடாவின் மறுகரையில் சண்டை மூண்டிருந்த காலம் அது. படகிலும் கால்நடையாகவும் வந்த சனங்களால் பள்ளிக்கூடங்கள் நிரம்பியிருந்தன. வந்தவர்களின் பெயர், ஊர், கூட வந்தவர்கள், தங்கியிருக்கும் இடம் எல்லாவற்றையும் அக்காதான் பதிவார். அவருக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய தமையன் முந்திய சண்டைக் காலத்தில் காணாமற்போனவர் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். ஒவ்வொரு பெயரையும் அடிக்கும் முன் சொல்லிக் காட்டி, சின்ன ரவா பெரிய றவா என்று கேட்டுக்கொள்வார். "ஒரு எழுத்துப் பிழைச்சாலும் தேடி வாற ஆளுக்குக் கிடைக்காது," என்பார்.

அந்தப் பட்டியல்கள் எல்லாம் பின்னறையில் இருந்த சேர்வர் என்ற தாய்க் கணினியில் இருந்தன. காலையில் கணினியைப் போட்டவுடன் அது தானாகவே சேர்வரின் பொதுக் கோப்புறையை இணைத்துக்கொள்ளும். புதிய மென்பொருள் வந்த பிறகு, வலையமைப்பு எழும்ப முன்னரே கணினி அந்தக் கோப்புறையைத் தேடியது. கிடைக்காததால் பேசாமல் விட்டுவிட்டது. அதே பெயரில் அக்காவின் கணினிக்குள்ளேயே ஒரு வெற்றுக் கோப்புறை இருந்தது. அதற்குள்தான் அவர் திங்கள் முதல் மூன்று நாளும் பதிந்துகொண்டிருந்தார்; அது எங்கே பதிகிறது என்று நான் அப்போது யோசிக்கவில்லை. பழைய பட்டியல்களைக் காணவில்லை என்று பக்கத்து மேசைக்காரர் புதன்கிழமை முறையிட்ட பிறகே சேர்வர் இணையாத காரணம் எனக்குப் பிடிபட்டது. வியாழன் காலையில், வலையமைப்பு வரும்வரை காத்திருக்கும்படி கணினிகளுக்கு எழுதிவைத்து, ஒவ்வொன்றாக நிறுத்தித் திரும்பப் போட்டேன். பழையவை எல்லாம் வந்துவிட்டன. அலுவலகப் பொறுப்பாளர் என் தோளில் தட்டினார்.

அன்று மதியத்துக்கு முன் ஒருவர் வந்தார். சேட்டில் உப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் தேடுகிறார். பெயர்களைச் சொன்னதும் அக்கா நிமிர்ந்தார். "செவ்வாய்க்கிழமை அடிச்சனான். சின்னவளுக்குக் காலில கட்டு. எந்தப் பள்ளிக்கூடம் எண்டது பட்டியலில கிடக்கு, பொறுங்கோ." அவர் திறந்தார். மூன்று நாட் பட்டியலைக் காணவில்லை. நானும் சேர்வர் முழுவதும் தேடினேன். சத்தம் கேட்டுப் பொறுப்பாளர் வந்தபோது, "அப்பிடி ஒரு பட்டியல் சேர்வருக்கு வரவே இல்லை," என்றேன். சொன்னது பொய்யில்லை. பொறுப்பாளர் எல்லோருக்கும் கேட்கும்படி அக்காவிடம் சொன்னார்: "நீங்கள்தான் கைதவறி அழிச்சிருக்கிறீங்கள். இது சனத்தின்ர உயிர்."

"தம்பி, இன்னொருக்காப் பாருங்கோவன்," என்றார் வந்தவர்.

"இல்லை ஐயா."

வந்த சனத்தில் கொஞ்சப் பேர் வடக்கே புல்மோட்டைப் பக்கம் போனதாக யாரோ சொல்ல, அவர் அன்றே பஸ் ஏறிவிட்டார். அக்கா அழவில்லை. அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெயிலில் இறங்கிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக நடந்தார். மறுநாள் அதே நகரத்தின் லிங்கநகர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அந்தத் தாயையும் பிள்ளைகளையும் கண்டுபிடித்தார். அதற்குள் புல்மோட்டை வீதியை மூடிவிட்டார்கள்; போனவர் திரும்பி வர வழியில்லை.

சனிக்கிழமை, ஆளில்லாத அலுவலகத்தில், எதற்கோ அக்காவின் கணினியில் இருந்து பொதுக் கோப்புறையைக் கழற்றினேன். அடியில், அதே பெயரில் கிடந்த கணினியின் சொந்தக் கோப்புறைக்குள் அவருடைய பட்டியல் இருந்தது. திங்கள், செவ்வாய், புதன். யாரும் எதையும் அழிக்கவில்லை. நான் திருத்தியபோது சேர்வரின் கோப்புறை அதன் மேல் வந்து மூடிக்கொண்டது, அவ்வளவுதான். கதிரையில் இருந்தபடி அந்தச் செவ்வாய்க்கிழமைப் பெயர்களை வாசித்தேன். ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை.

திங்கட்கிழமை அக்காவிடம் காட்டினேன். பெயர் பெயராக விரல் வைத்துப் பார்த்தார்.

"அப்ப நான் அழிக்கேல்லை."

"இல்லை அக்கா. பிழை என்னில."

"அதைப் பொறுப்பாளரிட்டைச் சொல்லுங்கோ. அண்டைக்கு எல்லாருக்கும் கேட்டது. இதுவும் கேக்கட்டும்."

நான் பொறுப்பாளரின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அவரும் "சரி, விடுங்கோ, கிடைச்சுதுதானே," என்றார். கதவு சாத்தப்பட்டதை அக்கா கண்ணாடியூடாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு என்னைத் தம்பி என்று அவர் கூப்பிட்டதில்லை.

இன்று நான் கொழும்பில், இதே வேலையை மற்றவர்களுக்குக் கற்பிக்கிறேன். இணைக்கும் முன் அடியில் ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். எப்படிக் கற்றேன் என்பதைச் சொல்வதில்லை.

அன்று, புல்மோட்டை வீதி திறந்தபின், போய்ப் பதினொரு நாள் கழித்து அந்த மனிதர் திரும்பி வந்தார். சோதனைச் சாவடியில் பிடித்து வைத்து விசாரித்தார்களாம். இடக்கை விரல்களில் துணி சுற்றியிருந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அக்காவுக்கு நன்றி சொல்ல வந்திருந்தார். சொல்லிவிட்டு என் மேசைக்கும் வந்து, நல்ல கையால் என் கையைப் பிடித்தார்.

"நீங்களும் தேடினனீங்கள்தானே, தம்பி."

அக்காவின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. அவர் தலை நிமிரவில்லை. காத்திருந்தார்.

"ஓம்," என்றேன்.