அரசர் எழுந்து நடந்தார்

குடும்பத்தில் நடந்ததை வெளியில் எடுத்துச் சொல்வது எனக்கு உடன்பாடான செயல் அன்று. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரி வகுப்பறைகளில் நாடகப் பாடம் நடத்தியிருக்கிறேன். பொறாமைக்காரன் காதில் போட்ட சொல்லால் ஒரு பெருமனிதன் எப்படி வீழ்கிறான் என்று விளக்கும்போதெல்லாம், நேரில் பார்த்ததைப்போலச் சொல்கிறீர்கள் என்று மாணவியர் வியப்பார்கள். பார்த்தது மட்டுமன்று, செய்தவளும் நான்தான் என்பதை அவர்களிடம் சொன்னதில்லை. சம்பந்தப்பட்ட பெரியவர்கள் எவரும் இனி வருந்த வழியில்லாததால் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பிரம்மதேசத்துக்கு அருகில். சொந்த நிலத்தில் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் பயிரிட்டு, நாலு பேர் மதிக்க வாழ்ந்த குடும்பம். அப்பாவின் தம்பியான சித்தப்பா விழுப்புரத்தில் பட்டப்படிப்பு முடித்தவர். ஆண்டுதோறும் மல்லாட்டை பிடுங்கி முடிந்ததும் நாடகம் ஒன்றை அவரே எழுதி, ஊராரைக் கொண்டே நடத்துவார். பிற ஊர்களில் நாடகம் விடிய விடிய நடக்கும். எங்கள் ஊரில் மாலை நான்கு மணிக்குத் தொடங்கி ஏழுக்குள் முடிந்துவிடும். பட்டதாரி எழுதிய நாடகத்துக்கு நேர ஒழுங்கு வேண்டும் என்பது அவர் கொள்கை. ஊரார் அதைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார்கள்.

எனக்கு ஒன்பது வயதான அந்த ஆண்டு அவர் எழுதியது, மந்திரியின் பேச்சைக் கேட்டு உண்மையான தளபதியைக் கொன்றுவிடும் அரசனின் கதை. அரசர் சித்தப்பாதான். தொடக்கம் முதல் இறுதிவரை அரசர் சிம்மாசனத்தை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். சிறு வயதில் கிணற்றுப் படியில் விழுந்ததால் சித்தப்பா வலது காலைச் சற்று இழுத்து நடப்பார். அந்த நடையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் பேசுவதில்லை.

தளபதியாக நடிக்கக் கெடாரிலிருந்து மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு அவரைப் பேசியிருந்தார்கள். நாடகம் முடிந்த அன்றே தாம்பூலம் மாற்றுவதாக ஏற்பாடு. ஒத்திகைக்கு ஆள் குறைகிறது என்று மாமாவை ஒரு மாதம் முன்பே வரவழைத்ததில் அத்தைக்கும் பங்கு உண்டு என்று பின்னாளில் அறிந்தேன்.

எனக்கு அப்போது அத்தையின் கல்யாணம் பெரிதாகத் தோன்றவில்லை. சனிக்கிழமைதோறும் சித்தப்பாவின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து திண்டிவனம் போய்வருவது என் உரிமை. அவர் வசனம் பாடம் செய்யும்போது நோட்டைப் பிடித்துத் தப்பு சொல்வதும் என் உரிமை. மாமா வந்ததும் இரண்டும் போயின. பின்சீட்டில் மாமா ஏறிக்கொள்வார்.

"ரெண்டு பேர வச்சிக்கினு மிதிக்க முடியாது பாப்பா. அடுத்த வாரம் பாக்கலாம்" என்பார் சித்தப்பா.

அடுத்த வாரமும் மாமாதான் ஏறினார். நோட்டும் அவர் கைக்குப் போய்விட்டது.

மந்திரியாக நடித்தவர் எங்கள் பள்ளிக்கூடத்துக் கைத்தொழில் ஆசிரியர். ஊரிலேயே சாதுவான மனிதர். ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் மாமாவிடம் வந்து, "தப்பா நெனச்சிக்காதீங்க தம்பி, எழுதி இருக்குறதத்தான் பேசறேன்" என்று மன்னிப்புக் கேட்பார். ஆனால் அந்த மந்திரி என்னைப் பெரிதும் கவர்ந்தார். அவர் எவர்மீதும் குற்றம் சாட்டுவதில்லை. ஏதோ சொல்ல வந்து, ஒன்றுமில்லை அரசே என்று நிறுத்திக்கொள்வார். அரசன் கேட்கக் கேட்க, மனமே இல்லாதவரைப்போல ஒரு துணுக்கை மட்டும் கொடுப்பார். மீதியை அரசனே கற்பனை செய்துகொள்வான். நான் அதை முழுவதும் பாடம் செய்திருந்தேன்.

நாடகத்துக்கு ஐந்து நாள் இருக்கையில், களத்தில் காய்ந்த மல்லாட்டையைச் சித்தப்பா கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். நான் அருகில் போய் உட்கார்ந்தேன்.

"மாமா நல்லா நடிக்கிறாரு இல்ல சித்தப்பா?"

"நல்லாத்தான் பண்றான். ஏன்?"

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லன்னா என்னா அர்த்தம்?"

"நேத்து எல்லாரும் சிரிச்சாங்க. அதான்."

"எதுக்கு?"

"வேணாம் சித்தப்பா. நீங்க கோச்சிக்குவீங்க."

அவர் கை நின்றது. மூன்று முறை கேட்டார். நாடகத்து அரசனும் மூன்று முறைதான் கேட்பான்.

"சமையல்கட்டுல மாமா உங்கள மாதிரி நடந்து காட்டுனாரு. அத்தகூட சிரிச்சிது."

இதில் பொய் ஒன்றும் இல்லை. மாமா நடந்து காட்டியதும் உண்மை, அத்தை சிரித்ததும் உண்மை. நடந்து காட்டியபின் மாமா சொன்ன ஒரு வாக்கியத்தை நான் விட்டுவிட்டேன், அவ்வளவுதான். ஒரு மாதமாக மாலைதோறும் இதே முறையில் ஏமாந்துகொண்டிருந்த மனிதர், பகல் வெளிச்சத்தில், ஒன்பது வயதுப் பெண்ணிடம் மறுபடியும் ஏமாந்தார்.

அந்தச் சனிக்கிழமை முன்கம்பி எனக்கு மீண்டும் கிடைத்தது. வழி நெடுக அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை நான் பொருட்படுத்தவில்லை. வீடு திரும்பியதும் அப்பாவிடம், "கெடார் எடம் வேணாண்ணா. வேற பாக்கலாம்" என்றார். காரணம் கேட்டதும் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். நாடகம் முடியட்டும், பிறகு பேசலாம் என்று அப்பா தள்ளிவைத்தார். அத்தை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றுவலி என்று நான் எண்ணிக்கொண்டேன்.

நாடகத்தன்று கூட்டம் நிறைந்திருந்தது. கடைசிக் காட்சியில் அரசர் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொல்ல வேண்டும். சித்தப்பா எழுந்துவிட்டார். கிரீடத்தோடும் மரக்கத்தியோடும், காலை இழுத்துக்கொண்டு, மேடையின் மறுகோடிவரை அத்தனை பேர் பார்க்க நடந்தார். தளபதியின் முன் நின்று, செந்தமிழை விட்டுவிட்டு எங்கள் ஊர்த் தமிழில் கேட்டார்:

"நான் எப்பிடிடா நடப்பேன்? நடந்து காட்டு. ஊரே பாக்கட்டும்."

நகைச்சுவைப் பகுதி புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று எண்ணி ஊர் சிரித்தது. மந்திரி தவித்துப்போய், "அரசே, சிம்மாசனம், சிம்மாசனம்" என்று முணுமுணுத்தார். அரிதாரத்துக்குள் மாமாவின் முகம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அவர் மண்டியிட்டுக் கழுத்தை நீட்டினார். கத்தி இறங்கியது. திரை விழுந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. மேடையில் கொன்றவர், செத்தவரைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போய், அரிதாரம் கலைக்கும் முன்பே இலை போட்டுத் தம் கையால் பரிமாற வேண்டும். இல்லையென்றால் மேடைப் பகை வீட்டுக்குள் நிலைத்துவிடும் என்பார்கள். ஆகவே அன்று இரவு எங்கள் கூடத்தில் இறந்த தளபதி இலைமுன் உட்கார்ந்திருந்தார். அரசர் சோற்றுக் கரண்டியோடு நின்றார். பரிமாறவில்லை. சமையல்கட்டு வாசலில் அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பரிமாறாவிட்டால் தாம்பூலமும் இல்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"போடு. சோறு ஆறுது" என்றார் அப்பா.

"மொதல்ல அவன் எழுந்து நடக்கட்டும்."

மாமா எழுந்தார். கூடத்தில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை என்மீது வந்து சற்று நின்று, பிறகு போனது. காலை இழுத்துக்கொண்டு சுவர்வரை நடந்து, திரும்பி வந்தார்.

"இப்பிடித்தான் நடந்து காட்டுனேன் மச்சான். இந்தக் கால வச்சிக்கினு திண்டிவனத்துலேர்ந்து என்ன சைக்கிள்ல இட்டாந்தாரு, ஒரு தபா எறங்கி நடன்னு சொல்லல, இந்த மாதிரி மனுசன் வீட்ல பொண்ணு எடுக்க நான் குடுத்து வச்சிருக்கணும்னு அக்காகிட்ட சொன்னேன். அதுக்குத்தான் உங்க தங்கச்சி சிரிச்சிது. இத உங்களாண்ட யாரும் சொல்லலியா?"

சித்தப்பாவின் கரண்டி தாழ்ந்தது. அப்பாவின் குரல் உயர்ந்தது.

"எவன்டா இவன்கிட்ட பாதி கதைய சொன்னது? பேரு சொல்லு."

நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். சித்தப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"எவனும் சொல்லலண்ணா. போறப்ப சமையல்கட்டு சன்னல் வழியா நானே பாத்தேன். பாதியிலயே போய்ட்டேன். தப்பு எம்மேலதான்."

மாமா இலைமுன் உட்கார்ந்து, "சன்னல் வழியா பாத்தா அப்பிடித்தான் மச்சான் தெரியும். சோத்தப் போடுங்க, பசிக்குது" என்றார். அம்மா சட்டென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா தொண்டையைக் கனைத்துவிட்டுத் தாம்பூலத் தட்டை எடுத்துவரப் போனார். சித்தப்பா பரிமாறினார். கிரீடம் சரிந்துகொண்டே இருந்தது.

எங்கள் சமையல்கட்டில் சன்னல் கிடையாது. கூரையில் புகை போக ஒரு கூண்டு உண்டு, அவ்வளவுதான். பிறந்தது முதல் அந்த வீட்டில் இருக்கும் அப்பாவும் சித்தப்பாவும் அத்தையும், தினம் அங்கே சமைக்கும் அம்மாவும், ஒரு மாதமாக அங்கேயே சாப்பிட்டுவந்த மாமாவும், இத்தனை பேரும் ஒரே நேரத்தில் அதை மறந்துபோனது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். பெரியவர்களுக்கு ஞாபகசக்தி இவ்வளவுதான் என்று முடிவுகட்டி, நிம்மதியாக என் இலையைப் போட்டுக்கொண்டு மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.