போன் பண்ணாதீங்க என்றவர்

இணையத்தில் தமிழர்கள் கூடும் ஒரு குழுவில் குடும்பச் சண்டைகளுக்கு ஒரு பெரியவர்தான் வழி சொல்வார். என் மனைவி கோபித்துக்கொண்டு திருச்சிக்குப் போனபோது நானும் எழுதிக் கேட்டேன். "நீங்களா போன் பண்ணாதீங்க. அவங்களே வருவாங்க" என்று பதில் வந்தது. அந்த எழுத்தின் நிதானத்தை நம்பினேன். ஒரு மாதமாகியும் அவள் வரவில்லை. அவரும் ஹைதராபாத்தில்தான் இருக்கிறார் என்று தெரிந்ததும், விலாசம் வாங்கிக்கொண்டு குகட்பள்ளியில் அவர் வீட்டுக்குப் போனேன்.

நரைத்த மீசை. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் இஸ்திரி போட்ட சட்டை. அவரே சாய் போட்டுக் கொடுத்தார். பேச்சுக்கு நடுவே லிஃப்ட்டின் இரும்புக் கதவு சத்தம் கேட்டால் மட்டும் சட்டென்று நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பார். காலடி பக்கத்து வீட்டுக்குப் போனதும், விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

"வீட்ல மேடம் இல்லையா சார்?"

"அம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

"எப்ப வருவாங்க?"

"போயி ஆறு வருஷமாச்சு. நானா போன் பண்ணல" என்றார். "வருவா."

குரலில் துளி சந்தேகம் இல்லை. ஏமாற்றுக்காரர் என்றால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன். இவர் தான் நம்பியதைத்தான் எனக்கும் சொல்லியிருக்கிறார்.

விடைபெற்று வெளியே வந்தேன். லிஃப்ட் அந்த மாடியிலேயே நின்றிருந்தது. அந்தக் கதவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. படியில் இறங்கிக்கொண்டே திருச்சிக்குப் போன் போட்டேன்.