படுகையில் நின்ற ஆண்செடிகள்

கொள்ளிடத்துப் படுகையை நினைத்தால் முதலில் வருவது வெளிச்சம்தான். தை மாதத்துக் காலை. வெள்ளம் வடிந்த மணலிலிருந்து பனி எழும்பிக்கொண்டிருந்தது. நாணல் பூக்கள் தண்டில்லாமல் மிதப்பதுபோல் இருந்தன. நான் அப்போது தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியன்; முப்பது வயது முடியவில்லை.

ஆட்சி மாறி, குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்திருந்த காலம். வரப்புக்கு வரப்பு கொடியும் தகராறுமாக இருந்தது. இந்தப் படுகையில் மூன்று தலைமுறையாகக் கத்திரியும் மிளகாயும் போட்டதாக ஒரு தம்பதி மனுக் கொடுத்திருந்தார்கள். மிராசுதார் அவர்களை வெளியேற்றி இரண்டு வருடமாகி, நிலம் புதராகக் கிடந்தது. என்றைக்குமே இது காடுதான், யாரும் கொத்தியதில்லை என்பது அவர் கட்சி. மிஞ்சியிருந்த ஒரே சாட்சி, ஓரத்தில் நின்ற செடிகள். அது வைத்த வேலியா, தானாக வந்த புதரா என்று சொல்லத்தான் விசாரணை அதிகாரி என்னை அழைத்துப் போனார்.

செடியைப் பார்த்ததும் எனக்கு மற்றதெல்லாம் மங்கிவிட்டது. அரளிபோல் நீண்ட இலை. திருப்பினால் அடியில் வெள்ளி தூவியதுபோல் நுண்ணிய செதில்கள். வளைத்தால் ஒடியாத கிளை. மேற்கே மலையாறுகளின் பாறையிடுக்கில் நிற்கிற செடி இது. டெல்டாவின் மணலில் இருப்பதாக நான் எங்கும் படித்ததில்லை. கனவில் நடக்கிறவன்போல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனேன்.

"ஆத்தரளின்னு சொல்லுவோம் அய்யா," என்றார் மனுக் கொடுத்த அம்மா. "எங்க மாமனார் காலத்துல வெள்ளத்துல ஒரு கிளை ஒதுங்கிச்சு. வெட்டி வெட்டி ஊனுனோம்."

மிராசுதாரின் காரியஸ்தர் சிரித்தார். "ஆடுகூட வாய் வைக்காத புதரு. அதுக்கு வேலி உத்தியோகமாம்!"

"ஆடு வாய் வைக்காதுன்னுதானே வேலியா வச்சோம். ஆடு திங்கிறதை வச்சா வேலி எதுக்குங்க?"

அதிகாரியே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

பிறகு கைலென்ஸை எடுத்துப் பூவைப் பார்த்தேன். இந்த இனத்தில் ஆண்பூ ஒரு செடியில், பெண்பூ வேறொன்றில். முதல் செடி ஆண். இரண்டாவதும் ஆண். கடைசிவரை போனேன், அத்தனையும் ஆண். விதையில் முளைத்திருந்தால் பெண்ணும் கலந்திருக்கும். இவை ஒரே கிளையிலிருந்து கையால் ஊன்றப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு எட்டு இடைவெளி. அந்த அம்மா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அதிகாரிக்கு நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் செடியின் பெயர் இருந்தது, இலை இருந்தது, செதில் இருந்தது. "ஆற்றங்கரைக் காட்டின் இயற்கைச் செடி, தானே வளர்ந்தது" என்று முடித்திருந்தேன். பூவைப் பற்றி எழுதவில்லை.

மிராசுதார் எனக்கு எதுவும் தரவில்லை. யாரும் மிரட்டவும் இல்லை. கொண்டுவந்து வைத்த செடி என்றால் அது வெறும் வேலி. தானாக வந்தது என்றால் கண்டுபிடிப்பு, என் பெயரில் ஒரு கட்டுரை. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்காதா என்று ஐம்பது வருடமாகத் தேடியிருக்கிறேன்.

மனு தள்ளுபடியானது. கட்டுரை வெளிவந்தது. அடுத்த வருடமே மிராசுதார் புதரையெல்லாம் வேரோடு பிடுங்கி வாழை போட்டார்.

சில வருடம் கழித்து பூதலூர் ரயிலடியில் அந்த அம்மாவைப் பார்த்தேன். கூலி நடவுக்குப் போகிற பெண்களோடு நின்றுகொண்டிருந்தார். அவரேதான் என்னை அடையாளம் கண்டு அருகில் வந்தார்.

"நல்லாருக்கீங்களா அய்யா? அது என்ன செடின்னு கண்டுபிடிச்சீங்களா? எங்க வீட்டுக்காரர் போற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

லத்தீன் பெயரைச் சொன்னேன். அவர் அதைச் சொல்லிப் பார்த்து, நாக்குப் புரளாமல் சிரித்தார்.

ஊன்றியது அவர்கள்தான் என்பதை நான் சொல்லி அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அது எனக்கும் தெரியும், அன்றைக்கே தெரியும் என்பதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். மற்ற பெண்கள் கூப்பிட்டார்கள். "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.