குட்டையில் கிடைத்த நாகம்

என் அம்மாவும் பெரியப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டை ஒன்றும் கிடையாது. கணவனின் அண்ணனிடம் வாய் திறந்து பேசுவது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு, அவ்வளவுதான். அதனால் இருவருக்கும் நடுவில் நான் நிற்பேன். "சாப்பாடு போடட்டுமான்னு ஒங்க பெரியப்பாட்ட கேளு" என்பாள் அம்மா. பெரியப்பா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். அவர் காதில் எல்லாம் நன்றாகவே விழும். இருந்தாலும் நான் திரும்பிக் கேட்கும்வரை ஓட்டுக்கூரையை ஆராய்ந்துகொண்டிருப்பார். நான் கேட்டதும், இப்போதுதான் விஷயம் தெரிந்தவர்போல, பசிக்கவில்லை என்று என்னிடம் சொல்வார். அதை நான் அம்மாவிடம் சொல்வேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் நடக்காது என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

செந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கிணறு இல்லாத, மழையை மட்டுமே நம்பிய மூன்று ஏக்கர் கொல்லை எங்களுடையது. வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் கொல்லை. அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். சுரங்கத்தில் கல்லை ஏற்றிக்கொண்டு போய் சிமெண்ட் ஆலையில் கொட்டுகிற வேலை. ஒருநாள் விட்டு ஒருநாள் காக்கிச் சட்டையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வீட்டுக்கு வருவார். கொல்லையில் விதைப்பதும் களையெடுப்பதும் விற்பதும் எல்லாமே அம்மா பாடு.

அம்மாவுக்கு எனக்குப் பின்னால் இரண்டு குழந்தைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அம்மா பேசுவதெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். வருஷா வருஷம் பருத்தி பூவும் பிஞ்சுமாக நிற்கிற நேரம் பார்த்து மழை ஓடிப் போய்விடும். அப்போது ஒரே ஒரு தண்ணீர் விட்டால் செடி பிழைத்துக்கொள்ளும். அந்த ஒரு தண்ணீர்தான் எங்களிடம் இருந்ததில்லை. பெய்கிறபோதோ அடித்துப் பெய்து, மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி அம்மா வரப்பில் நனைந்துகொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு ஒரு செய்தி வந்தது. கொல்லையின் பள்ளமான மூலையில் பண்ணைக்குட்டை வெட்டிக்கொண்டால் செலவில் பெரும்பங்கை அரசாங்கம் கொடுக்கும். மீதியும் கரை போடுகிற வேலையும் நம்முடையது. அம்மா சிட்டா, அடங்கல், சிறு விவசாயி என்பதற்கான சான்று என்று ஒவ்வொன்றாக வாங்க என்னையும் இழுத்துக்கொண்டு செந்துறைக்குப் பஸ்ஸில் அலைந்தாள். பெரியப்பாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. வெள்ளாமை செய்கிற நிலத்தைக் குழியாக்குவதற்குக் காசு கொடுக்கிறார்களாம், ஊர் சிரிக்கிறது என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார். ஓடுகிற தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் குழி என்று அவரிடம் சொல்லச் சொன்னாள் அம்மா. இரண்டையும் ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தேன். நிலம் அப்பா பெயரில் இருந்தது. அவர் அம்மா காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு லாரிக்குப் போய்விட்டார்.

புரட்டாசி பிறந்ததும் உத்தரவு வந்தது. குட்டையின் நீளம், அகலம், ஆழம் மூன்றும் அதில் எழுதியிருந்தது. அளந்து பார்ப்பார்கள், ஓரடி குறைந்தாலும் பணம் வராது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். குழி வெட்ட வந்த மிஷினோ அந்த வாரம் முடிந்தால் வேறு ஊருக்குப் போய்விடும்.

முதல் நாள் மிஷின் மண்ணை அள்ளியதை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் நடக்கிற தரைக்குக் கீழே இவ்வளவு இருக்கிறது என்பதே எனக்குச் செய்தி. மேலே கறுப்பு மண், அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே மஞ்சள். உள்ளே இறங்கி நின்றால் என் தலைக்கு மேலே பருத்திச் செடியின் வேர் தொங்கியது. வேரைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. ஈரமும் குளிர்ச்சியுமாக ஒரு வாசம் வந்தது. சத்தம் போட்டுப் பேசவே தோன்றவில்லை.

இரண்டாம் நாள் காலை, பாதி ஆழம் போயிருக்கும். மிஷின் கொட்டிய மஞ்சள் மண்ணிலிருந்து ஒரு கல் உருண்டு வந்து என் காலடியில் சாய்ந்தது. முறம் அகலம். நடுவிலிருந்து சுருள் சுருளாகச் சுற்றி, உடம்பெல்லாம் வரிவரியாக, ஒரு பாம்பு சுருண்டு படுத்துக் கல்லாகிப்போனது மாதிரியே இருந்தது. தலை மட்டும் இல்லை. நான் கத்தவில்லை. கத்தினால் அது விழித்துக்கொள்ளும் என்று பயமாக இருந்தது.

மிஷின் ஓட்டுகிறவர் எஞ்சினை நிறுத்தினார். இறங்கி வந்து பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். பெரியப்பா ஓடி வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். கொஞ்ச நேரத்தில் ஊரே கரையில் நின்றது. யாரோ மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்தார்கள், யாரோ பாலும் முட்டையும். நாகம் காவல் இருக்கிற மண், இனி ஒரு கூடை எடுக்கக் கூடாது, குழியை மூடிவிட்டு அதே இடத்தில் பிரதிஷ்டை செய்ய வேண்டும் என்றார் பெரியப்பா. எல்லோரும் ஆமாம் என்றார்கள். நாகத்துக்குக் கேடு செய்தவன் வீட்டில் பிள்ளை தங்காது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அம்மா பாதி வெட்டிய குட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சாயந்திரம் அப்பா வரட்டும்னு ஒங்க பெரியப்பாட்ட சொல்லு" என்றாள். நான் சொன்னேன்.

மத்தியானம் அளவு பார்க்கிற ஆபீசர் ஸ்கூட்டியில் வந்தார். சின்ன வயது அம்மாள்தான். கூட்டத்தைப் பார்த்துப் பயந்துபோய், பிறகு கல்லைப் பார்த்ததும் பயத்தை மறந்துவிட்டார். சேலையைச் செருகிக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்து, மஞ்சள் படாத ஓரத்தில் ஒரு விரலை வைத்தார். "இங்க ஒரு காலத்துல கடல் இருந்துச்சுங்க" என்றார். "இது கடல்ல வாழ்ந்த நத்தை மாதிரி ஒரு உசுரு. கூட்டோட கல்லாயிடுச்சு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் கொல்லை, பெரியப்பாவின் சோளம், அதற்கப்பால் ஒற்றைப் பனை. கடலை நான் ஒரேயொரு முறை வேளாங்கண்ணிக்குப் போனபோது பார்த்திருந்தேன். அந்தத் தண்ணீர் முழுவதும் இந்தப் பனைக்கு மேலே, இந்த வானம்வரைக்கும் நின்றிருக்கிறது. நாங்கள் அதன் அடியில் பருத்தி போட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்குத் தலை சுற்றியது. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன் என்றால் இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தப் பிரமிப்பு இன்றைக்கும் முழுதாகத் தெளியவில்லை.

பெரியப்பா அசரவில்லை. கடல் இருந்திருக்கும், அவர் மறுக்கவில்லை. பாற்கடலில் ஆதிசேஷன் படுத்திருக்கவில்லையா என்று பணிவாகக் கேட்டார். ஆபீசர், உத்தரவில் உள்ள ஆழம் வராமல் என்னால் எழுத முடியாதுங்க என்று அம்மாவிடம் மட்டும் தணிந்த குரலில் சொல்லிவிட்டு, அந்த வாரக் கடைசியில் மறுபடி வருவதாகக் கிளம்பினார்.

சாயங்காலம் அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கொல்லைக்கு வந்தார். தலை, புருவம், சட்டை எல்லாம் வெள்ளை. குழியில் இறங்கிக் கல்லின் முன்னால் குந்தினார். பார்த்த உடனே அவருக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது. ஆனால் கரையில் நின்ற அம்மாவை ஒருமுறை பார்த்தார், பாதிக் குழியைப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார்.

"நாகம் இல்லண்ணே. சொரங்கத்துல இது கெடைக்காத நாளே கெடையாது."

"இதே மாதிரியா?" என்றார் பெரியப்பா.

"இதவிடப் பெருசெல்லாம் வரும்."

அதையெல்லாம் என்ன செய்வீர்கள் என்று பெரியப்பா கேட்டார். கல்லோடு கல்லாக அரைக்கப் போய்விடும் என்றார் அப்பா. எத்தனை வருஷமாக ஓட்டுகிறாய் என்று அடுத்த கேள்வி. பன்னிரண்டு வருஷம் என்று பதில். பெரியப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அதான்" என்றார்.

கரையில் நின்றவர்களில் ஒருவர்கூட அசையவில்லை. அப்பா எழுந்திருக்கப் போனவர் அப்படியே குந்தியிருந்தார். அந்த வெள்ளைத் தூசிக்குள் அவர் முகம் என்ன ஆயிற்று என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா ஏதாவது சொல்வாள், பெரியப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று நான் தயாராக நின்றேன். அம்மா என் தோளில் கை வைத்து என்னை ஓரமாக நகர்த்தினாள்.

"அவரு மேல போடாதீங்க" என்றாள் பெரியப்பாவைப் பார்த்து. "போனது ரெண்டையும் வயித்துல வெச்சிருந்தவ நான். நான் சொல்றேன், அவரு மேல போடாதீங்க. மீதிக் குட்டைய நாளைக்கு வெட்டட்டும்."

மிஷின் மண்ணைப் பிளந்ததைவிட, கல்லுப் பாம்பைவிட, பனைக்கு மேலே நின்ற கடலைவிட, இது பெரிதாக இருந்தது. அம்மா பெரியப்பாவிடம் பேசிவிட்டாள். வானம் இடிந்து விழுகிறதா என்று மேலே பார்த்தேன். ஒரு கொக்குக் கூட்டம் போனது, அவ்வளவுதான்.

பெரியப்பா குழிக்குள் இறங்கி, கல்லைத் துண்டில் சுற்றி, தானே தூக்கிக்கொண்டு மேலே வந்தார். கனம் தாங்காமல் கால் தடுமாறியது. யாரையும் தொட விடவில்லை. "இத என் கொல்லையில வெச்சுக்கறேன்னு ஒங்கம்மாட்ட சொல்லு. மிஷின வரச்சொல்லு" என்றார் என்னிடம். நான் சொல்வதற்காகத் திரும்பினேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் நின்றுவிட்டேன்.

வார முடிவுக்குள் குட்டை முடிந்தது. ஆபீசர் டேப் போட்டு அளந்தார். எங்கள் பெயரும் சர்வே நம்பரும் எழுதிய பலகையைப் பிடித்தபடி அம்மாவைக் கரையில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். சிரிங்கக்கா என்றார் ஆபீசர். அம்மா சிரித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்பா மட்டும் டூட்டிக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை. லாரி முதலாளி போன் மேல் போன் போட்டார். காய்ச்சல் என்றார் அப்பா. காய்ச்சல்காரர் விடிந்ததும் மண்வெட்டியோடு போய்க் கரையில் புல் பதித்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை தூசியோடு ஆணியில் அப்படியே தொங்கியது. யாரும் அதைத் தொடவில்லை. அப்பா தினமும் வீட்டில் இருக்கிறாரே என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மழை பிடித்தது. மத்தியானம் தொடங்கி விடிய விடியப் பெய்தது. காலையில் மூவரும் கொல்லைக்கு ஓடினோம். ஓடைக்கு ஓடிப்போகிற தண்ணீர் அத்தனையும் வழி திரும்பி வந்து எங்கள் குட்டையில் நின்றது. மஞ்சள் மண்ணும் கரிசலும் கலந்த கலங்கல், கரை முட்ட நிறைந்து, மெல்ல அலை அடித்துக்கொண்டு. அத்தனை நாளும் வறண்டு கிடந்த எங்கள் கொல்லையில், மேகம் கீழேயும் போனது. கடல் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கரையோரம் வராமல் எட்டியே நின்றார்.

அம்மா கையில் ஒரு பை வைத்திருந்தாள். அதிலிருந்து அப்பாவின் காக்கிச் சட்டையை எடுத்தாள். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, அதை அமுக்கி அலசினாள். பன்னிரண்டு வருஷத் தூசியும் போகட்டும் என்பதுபோல அலசினாள். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு பிரிந்து தண்ணீரில் பரவிக் கரைந்தது. பிழிந்து உதறி, மேலேறி வந்து அப்பாவிடம் நீட்டினாள்.

"காய வெச்சுப் போட்டுக்கிட்டு நாளைக்கு டூட்டிக்குப் போங்க" என்றாள்.

அப்பா அந்த ஈரச் சட்டையை வாங்கி முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

எனக்கு அம்மாமேல் கோபமாக வந்தது. வீட்டில் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது, சோப்பும் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, சேற்றுத் தண்ணீரில் யாராவது சட்டை துவைப்பார்களா? பாவம், அப்பா அழவே ஆரம்பித்துவிட்டார்.