பப்பாசி வரிசைகளில் நான் திருப்பிக் கட்டிய தகடுகள்

இலக்கங்களை மாற்றியவன் நான். செல்வராணி அல்ல.

இதை எழுத எனக்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. நீங்கள் என்னை நம்ப வேண்டியதில்லை... நான் யாரை நம்பினேன்!

கிளிநொச்சியில் ஒரு பப்பாசி ஆய்வுக்கு அப்போது நான் பொறுப்பாளன். பப்பாசிக் கன்று ஆணா, பெண்ணா, இருபாலா என்பது பூக்கும்வரை தெரியாது. ஆண் மரம் காய்க்காது. மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றிய கமக்காரர் அதை வெட்டி எறிய வேண்டியதுதான். கன்றின் இலையிலேயே அதைக் காட்டிவிடும் மரபணுக் குறியை நாங்கள் தேடினோம்.

செல்வராணி என் உதவியாளர். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண். கன்றுகளில் இலக்கத் தகடு கட்டி, அதே இலக்கத்தில் இலை பறித்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவருவாள். கெட்டிக்காரி என்றார்கள். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை! ஏன் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதுகிறாள்? யாருக்காக? அவள் எங்கள் ஊர்க்காரி அல்ல என்பதும் என் சந்தேகத்துக்கு ஒரு காரணம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இலைகள் பறித்து முடிந்த மறுநாள், அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்துத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். முதல் வரிசையின் இலக்கங்கள் தோட்ட வாசலில், படலையடியில் தொடங்கின. இரண்டாவது வரிசை மறுகோடியில் தொடங்கியது! எல்லா வரிசையும் படலையடியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் முறை. வேண்டுமென்றே குழப்புகிறாள் என்று முடிவுகட்டினேன். ஒன்றுவிட்ட வரிசைகளின் தகடுகளை அவிழ்த்து, திருப்பிக் கட்டினேன். அவளிடம் சொல்லவில்லை. தானாக அகப்படட்டும் என்று காத்திருந்தேன்...

பறித்த இலைகளில் பழைய இலக்கமே இருந்தது. சந்தேகம் அதை யோசிக்க விடவில்லை.

மரங்கள் பூத்தன. இருபால் என்று ஆய்வுகூடம் சொன்ன மரங்களில் ஆண் பூக்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின.

"நான் கட்டின மாதிரி இல்லைங்க ஐயா. யாரோ மாத்திட்டாங்க," என்றாள் செல்வராணி.

"ஆர் மாத்தினது? முனி வந்து மாத்தினதோ?" என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்த மாதமே அவளை வேலையிலிருந்து நிறுத்தினேன்.

அவள் விட்டுப்போன குறிப்பேட்டைப் பிறகுதான் திறந்தேன். முதற்பக்கத்தில் வரிசைகளின் படம். ஒன்று போக, அடுத்தது திரும்பிவர, அம்புக்குறிகள்... தண்ணீர் ஊற்றுகிறவர் ஒரு வரிசையில் போய் மற்றதில் திரும்புவதுபோல அவளும் நடந்திருக்கிறாள். அவ்வளவுதான்! அதன்படி பார்த்தபோது ஒவ்வொரு மரமும் பொருந்தியது. எங்கள் குறி சரியாகவே இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "உதவியாளரின் பிழையைத் திருத்திய பின்னர்" என்று அறிக்கை எழுதினேன். பாராட்டினார்கள்.

சென்ற மாதம், அந்தக் குறியால் தெரிந்தெடுத்த கன்றுகளைத் துணுக்காயில் கமக்காரருக்குக் கொடுத்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள்.

"ஐயா, இதில ஆண் ஒண்டும் இல்லைத்தானே? வேலை செய்யாத ஆண் ஒண்டு வீட்டில இருக்குது, அது ஒண்டே காணும்!" என்றா ஒரு அம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

அவாவுக்குப் பின்னால் செல்வராணி நின்றாள்.

"அன்னிக்கு நான் மாத்தலைங்க ஐயா. இப்பவாச்சும் நம்புறீங்களா?"

என் புத்தி என்ன நினைத்தது தெரியுமா? எல்லாம் தெரிந்துகொண்டுதான் என்னை மடக்க வந்திருக்கிறாளோ? யார் அனுப்பியிருப்பார்கள்?

"அது பழைய கதை, பிள்ளை. விடுங்கோ," என்றேன்.

"சரிங்க ஐயா." இரண்டு கன்றுகளை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். செல்வராணி என்பது அவளுடைய பெயர் அல்ல. உண்மைப் பெயரை எழுதினால் யாராவது இதை அவளிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுவார்கள்... எழுதவில்லை.