பலகை அடிக்க மாட்டேன்

விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டுகிறார். ‘ணங்’ என்கிறது. திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கடைக்கு நடக்கிறார். அங்கே கண்ணாடி இல்லை. ஏதோ ஓர் ஊர்வலத்தில் உடைந்ததோடு சரி, முகப்பு முழுவதும் பிளைவுட் பலகை அடித்துவைத்திருக்கிறார்கள். அதையும் தட்டுகிறார். ‘தொம்’ என்கிறது. உள்ளே வாடிக்கையாளர் நிற்கிறாரா என்றெல்லாம் பார்ப்பதில்லை. “கடை வச்சிருக்கியா, சவப்பெட்டி வச்சிருக்கியா?” என்று வாசலில் நின்றே கேட்கிறார். பதில் வருவதற்குள் அதற்கடுத்த கடையைத் தட்டிக்கொண்டிருப்பார். காலையில் தெரு முழுவதையும் இப்படி ஒரு நடை தட்டிவிட்டு வந்தால்தான் அவருக்கு டீ இறங்கும்.

கடைகளுக்கு முகப்புக் கண்ணாடி பொருத்துவது தொழில். தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கண்ணாடிக்காரர்தான். அறுபதைத் தாண்டிய உடம்பு ஒல்லி, குரல் மட்டும் பருமன். விரல் நுனிகளில் வெட்டுத் தழும்புகள் அடுக்கடுக்காக இருப்பதால், ரேகையைப் பார்த்துத் திறக்கிற கைபேசி அவரை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடுகிறது. அதற்கும் திட்டு விழுகிறது. ஆளுயரக் கண்ணாடியை அணைத்துக்கொண்டு அவர் நுழைந்தால் எந்தக் கூட்டமும் விலகும். கண்ணாடிக்குப் பயந்தா, வாய்க்குப் பயந்தா என்று தெரியவில்லை.

தெருவின் கிழக்கு முனையில் ஒரு கட்சியின் அலுவலகம். மேற்கு முனையில் அதற்கு ஜென்மப் பகையான இன்னொரு கட்சியின் அலுவலகம். நடுவில் இருக்கிற கடைகள் எல்லாம் இரண்டுக்கும் கல்லெறி தூரம். டீக்கடையின் இரண்டு பெஞ்சுகள் இப்போது இரண்டு நாடுகள். அண்ணன் இதில் உட்கார்ந்தால் தம்பி அதில் உட்காருகிறான். கண்ணாடிக்காரர் இரண்டிலும் உட்காருவதில்லை. நடுவில் நின்று குடிக்கிறார். இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பித் திட்டுவதற்கு அதுதான் வசதி.

ஒருநாள் டீக்கடைக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “உனக்கென்னண்ணே, ரெண்டு கட்சிக்காரனும் மாத்தி மாத்தி உனக்குத்தானே வேலை பார்க்கிறான்” என்றார். இரண்டு பெஞ்சும் சேர்ந்து சிரித்தது. கல்லால் உடைந்த கண்ணாடிக்கு அவர் கூலி வாங்குவதில்லை, சரக்கின் விலை மட்டும்தான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்தார்கள். அதுதான் அவருக்கு ஆறவில்லை. அந்த வாரம் முழுவதும் டீயை வீட்டிலிருந்து கொண்டுவந்து, அதே டீக்கடை வாசலில் நின்று குடித்தார்.

நாட்டின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறவர் இவ்வளவு கோபக்காரராகவும் இருப்பது அபூர்வம். “நல்ல சேதியையும் திட்டுற மாதிரிதான் சொல்வார். பொண்ணு பொறந்தப்பவே, ஏன் எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க, பொண்ணு பொறந்திருக்குன்னு ஆஸ்பத்திரியில கத்தினவரு” என்கிறார் மனைவி. ‘இந்த நாடு உருப்படாது’ என்று அவர் காதுபட யாரும் சொல்லக் கூடாது. “உருப்படாதுன்னா எதுக்குய்யா புள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுற?” என்று பாய்வார். பத்திரிகைக்காரர்களுக்குத் தனிப் பூசை. ‘பிளந்தது நாடு’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, இருபது வருஷத் தவணையில் வீடு வாங்குகிற ஆட்கள் என்று, இந்தக் கட்டுரைக்காகப் போனவனிடமே சொன்னார். தவணை விவரம் சரிதான்.

கல்வீச்சு நடந்த மறுநாள் காலையில் முதலில் தெருவுக்கு வருகிறவர் அவர். சில்லுகளைக் கூட்டி அள்ளுவார். கடைகளுக்குள் கிடக்கிற கற்களைத் தனியே ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு, பாதியைக் கிழக்கிலும் பாதியை மேற்கிலும் கட்சி அலுவலக வாசலில் கொட்டுவார். “உங்க சாமான். கடையில மறந்து வச்சுட்டுப் போயிட்டீங்க” என்பார். ஆள் பலம் உள்ள கட்சிகள்தான் இரண்டும். இருந்தும் யாரும் அவர்மேல் கை வைத்ததில்லை.

பலகை அடிக்கச் சொல்லி யாராவது வந்தால் தச்சுப் பட்டறைக்கு வழி காட்டுவார். “நான் பலகை அடிக்க மாட்டேன். பலகை அடிச்சவன், இனிமே நாளைக்குன்னு ஒண்ணு கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டான். கண்ணாடி போடுறவன்தான் இன்னும் ஊரோட பேச்சுவார்த்தையில இருக்கான்.”

இதற்கு அவர் காட்டுகிற சான்று ஒன்று உண்டு. இரண்டு வாரங்களுக்கு முன் நடந்த கல்வீச்சில் கிழக்குமுனை ஆட்களும் மேற்குமுனை ஆட்களும் ஒருவர் அலுவலகத்தை ஒருவர் நொறுக்கினார்கள். மறுநாள் இரண்டு கட்சிச் செயலாளர்களும் அவர் பட்டறை வாசலில் முகத்துக்கு முகம் பார்க்காமல் நின்றார்கள், யாருக்கு முதலில் அளவெடுப்பது என்ற தகராறோடு. ‘வெட்கமா இல்லை?’ என்று தொடங்கி அவர் பேசியதில் பெரும்பகுதி அச்சில் வராது. அவர்கள் போன பிறகு மனைவியிடம் சொன்னார்: “கவனிச்சியா? பலகை கேக்கல. கண்ணாடி கேக்குறான். நாளைக்கும் இந்தத் தெரு இருக்கும், நாலு பேர் உள்ள எட்டிப் பார்ப்பான்னு உடைச்சவனுக்கே தெரியுது. தெரிஞ்சுதான் உடைக்கிறான், அயோக்கியன்.”

மனைவி மகளைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். காரணம், அதே கல்வீச்சில் இன்னொரு கண்ணாடியும் போயிருந்தது. தெருவின் நடுவில் அவர்களுடைய மகள் மருந்துக்கடை வைத்திருக்கிறார். முகப்பை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து மருந்துச் சீட்டு படித்துக்கொண்டிருந்தவரின் நெற்றியைச் சில்லு கிழித்துவிட்டது. கண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே தையல். கடை திறந்தபோது அப்பா தன் கையால் பொருத்திக் கொடுத்த கண்ணாடி அது. இரண்டு கட்சிகளும் ‘அவர்கள் எங்கள் ஆட்கள் அல்ல’ என்று அறிக்கை விட்டன. நெற்றி யாருடையது என்று எந்த அறிக்கையிலும் இல்லை.

மாப்பிள்ளை யாரிடமும் பேசாமல் ஓர் இரும்புத் தகட்டை வாங்கிவந்து கடைச் சுவரில் சாய்த்துவைத்தார். கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை விட்டு, முகப்பில் மீதியை மூடிவிடுவது திட்டம். கண்ணாடிக்காரர் வந்து பார்த்தார். காய்ச்சல்காரன் ஜெயிலில் மனு கொடுக்கிற மாதிரி ஓட்டையில் கையை நீட்ட, நீ உள்ளேயிருந்து மாத்திரை கொடுக்கவா இவ்வளவு படிக்கவைத்தேன் என்று மகளிடம் கத்தினார். உடைந்தால் பொடியாக உதிர்கிற ரகம் இருக்கிறது, அளவு கொடுத்துச் செய்யச் சொல்லியாகிவிட்டது, இனிமேல் சில்லே வராது என்றார்.

மகளுக்கும் கோபம்தான். ஆனால் அவர் கத்துவதில்லை. “கண்ணாடி பொடியா விழும்ப்பா. கல்லு?”

அவர் வாயைத் திறந்தார். மகள் விடவில்லை.

“நீங்க நம்புங்க. வேணாம்னு நான் சொல்லல. உங்க நம்பிக்கைக்கு என் நெத்தியை எதுக்குக் கேக்குறீங்க? அந்த இடத்துல நீங்க உக்காருவீங்களா?”

கண்ணாடிக்காரர் தகட்டைத் தட்டவில்லை, மாப்பிள்ளையைத் திட்டவில்லை, வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்த வாரம் கண்ணாடி வந்தது. அவரே பொருத்தினார். மகள் தடுக்கவில்லை, தகட்டை எடுத்துப்போகச் சொல்லவும் இல்லை. அது இன்னும் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. வேலை முடிந்ததும் மகளின் மேஜையைத் தானே இழுத்துக்கொண்டுபோய்ப் பின்சுவரை ஒட்டிப் போட்டார். சாயங்காலம் ஊர்வலம் இருக்கிறது மாமா என்று மாப்பிள்ளை நினைவுபடுத்தினார். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் எவன் ஊர்வலத்துக்கு அனுமதி கொடுத்தது என்று அதற்கு ஒரு மூச்சு திட்டினார். ஆனால் கடையை விட்டுப் போகவில்லை.

மேற்கு முனையில் கோஷம் கிளம்பியதும் தெருவில் ஷட்டர்கள் வரிசையாக இறங்கின. மருந்துக்கடை மட்டும் விளக்கெரிந்துகொண்டு திறந்திருந்தது. மேஜை இருந்த இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டிக் கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். எதிரே, பின்சுவரோரம் மகள். கோஷம் நெருங்க நெருங்க, எடுத்த மருந்தை மகள் மேஜையிலேயே வைத்துவிட்டார்.

“அப்பா, போதும். இந்தப் பக்கம் வந்துடுங்க.”

“நீ உன் வேலையைப் பாரு” என்றார் எரிச்சலாக. பிறகு இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி ஸ்டூலோடு பின்னுக்கு நகர்ந்தார், சட்டை கண்ணாடியில் ஒட்டுகிற வரை.